எரிமலை இல்லாத ஊரில் எதை வாங்குவது? நில அதிர்வுமானியா, செய்மதியா, பாரமானியா

பழைய மாணவர் சங்கம் எங்கள் விஞ்ஞானக் கழகத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாய் தந்தது. பூமியைக் கவனிக்கிற மாதிரி ஏதாவது வாங்கவேண்டும், வருடம் முடிவதற்குள் கணக்குக் காட்டவேண்டும், வேறு நிபந்தனை இல்லை. பள்ளிக்கூடம் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. நான் அங்கே பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். ஓய்வை நான் எடுத்தேனே தவிர பிள்ளைகள் எனக்குத் தரவில்லை. எதை வாங்குவது என்ற பேச்சு மூன்று கிழமை இழுபட்டது. வேறு பள்ளிக்கூடங்களிலும் இதே கேள்வி வரும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

முதல் கூட்டத்திலேயே பொருளாளர் கேட்டார்: “எரிமலையே இல்லாத நாட்டில எரிமலை பாக்கிற மெசினுக்கு இரண்டு லட்சமா, சேர்?”

நான் வாயைத் திறக்குமுன் ஆண்டு பத்துப் பிள்ளை ஒன்று சொன்னாள்: “சுனாமியும் இங்க பிறக்கேல்லைத்தானே, அங்கிள்.”

அதற்குமேல் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் அவருடைய கேள்வியில் பாதி நியாயம் இருந்தது. இலங்கையின் பாறை மிகப் பழையது. புவித்தட்டின் விளிம்பிலிருந்து தள்ளி, ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. கன்னியா வெந்நீர் ஊற்றுகளைக் காட்டி “கீழே எரிமலை இருக்கு” என்று சொல்பவர்கள் உண்டு. அது ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்பி வரும் நிலத்தடி நீர். நமக்கு மிகக் கிட்டிய உயிருள்ள எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவு, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். ஆனால் தூரத்தில் நடப்பது இங்கே வந்து சேரும். 1883 ஆகஸ்ட் 27 இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தில் கடல் உள்வாங்கி ஏறியது. 2004ஐப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கேள்வி இப்படி மாறியது: தூரத்தில் நடப்பதைக் கொழும்பில் உட்கார்ந்தபடி எதனால் நன்றாகப் பார்க்கலாம்?

பிள்ளைகளின் முதல் தெரிவு நில அதிர்வுமானி. ராஸ்பெரி ஷேக் என்று ஒன்று இருக்கிறது: கைக்கடக்கமான ராஸ்பெரி பை கணினிக்குமேல் ஒரு புவியொலிவாங்கி. காந்தத்துக்கு நடுவே வில்லில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். நிலம் ஆடும்போது காந்தமும் ஆடும், சுருள் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கும், அந்த வித்தியாசத்தில் மின்னழுத்தம் பிறக்கும். அதைச் செக்கனுக்கு 100 தடவை அளந்து இணையத்துக்கு அனுப்புகிறது. விலை சில நூறு டொலர். அனுப்புகூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்தால் எங்கள் பணத்தில் மிச்சம் சொல்லும்படியாக இராது.

எரிமலை அவதான நிலையங்கள் முதலில் நடுவதும் இந்தக் கருவியைத்தான். எரிமலைக் குழம்பு மேலேறும்போது பாறை வெடிக்கிறது. சின்னச் சின்ன நடுக்கங்கள் கூட்டமாக வரும், பிறகு நிற்காத ஒரு முணுமுணுப்பு. வெளியே புகைகூடத் தெரியாத நாட்களில் உள்ளே நடப்பதைச் சொல்வது அதுதான்.

ஒரு நண்பர் தன் வீட்டில் வைத்திருந்த ஷேக்கை இரண்டு கிழமைக்கு இரவல் தந்தார். கீழ்த்தளக் களஞ்சிய அறையில், உடைந்த கதிரைகளை ஒதுக்கி, சீமெந்துத் தரையில் வைத்தோம். குமிழி நடுவில் நிற்கும்வரை மூன்று காலையும் திருகினோம். திரையில் கோடு ஓடத் தொடங்கியதும் ஆண்டு எட்டுப் பயல் ஒருவன் வராந்தாவில் குதித்தான். கோடு துள்ளியது. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் குதிப்பைத் தவிர வேறொன்றும் பதிவாகவில்லை.

மாலையில் ரயில் தொடங்கியது. கரையோரப் பாதை எங்கள் மதிலுக்குப் பின்னால்தான் போகிறது. இரண்டாம் நாளே பிள்ளைகள் கோட்டைப் பார்த்து வகைபிரிக்கத் தொடங்கினார்கள். “இது நிண்டு போற ரயில், சேர். அது நிக்காமப் போறது.” உண்மைதான். நிலையத்தில் நிற்கும் ரயில் உருளைக்கிழங்கு மாதிரிப் பருத்து, நூலாய் மெலிந்து, மறுபடி பருக்கும். நிற்காதது ஒரே ஒரு கிழங்கு. காலி வீதி பஸ்களுக்கு உருவமே இல்லை. காலை ஐந்தரையிலிருந்து இரவு பத்து வரை கோடு தடித்தே கிடக்கும். நடுச்சாமம் தாண்டினால் அடங்கும், அடங்கியபின் கடல் தெரியும். ஐந்து பத்துச் செக்கனுக்கு ஒரு தடவை மெல்ல ஏறி இறங்கும் அலையின் உதை.

பத்தாம் நாள் அதிகாலை இந்தோனேசியப் பக்கத்தில் ஆறு என்ற அளவைத் தாண்டிய ஒரு நடுக்கம். எங்கள் கோட்டில் அழகாக விழுந்திருந்தது. முதலலையையும் இரண்டாம் அலையையும் பிள்ளைகள் அடிமட்டம் வைத்துப் பிரித்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் ஐந்தரைக்கு, கிட்டத்தட்ட அதே அளவில் இன்னொன்று வந்ததாக இணையத்தில் பார்த்தோம். எங்கள் பதிவில் அது இல்லை. காலி வீதி விழுங்கிவிட்டது.

கருவியில் பிழை இல்லை, இடத்தில்தான் பிழை. உலகத்தில் அளவு ஏழுக்கு மேற்பட்ட நடுக்கங்கள் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து வரும். அவை ட்ரஃபிக்கையும் மீறித் தெரியும். ஆனால் எரிமலையின் முணுமுணுப்பு சில பத்துக் கிலோமீற்றருக்குள் தேய்ந்துவிடும் சத்தம். பாரன் தீவு நாள் முழுக்க உறுமினாலும் வெள்ளவத்தையில் கேட்காது.

இன்னொன்று. பல்லேகலையில் உலக நில அதிர்வு வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் ஒன்று இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு ஹக்மனையிலும் மகாகனதராவையிலும் அமைத்தார்கள். பல்லேகலைப் பதிவை யாரும் இணையத்தில் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். எங்கள் களஞ்சிய அறைக் கோட்டோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று போன் கதைப்பவனின் நிலைதான் எங்களுடையது என்று விளங்கியது.

“ஆனா சேர், சுனாமி வந்தா முன்னுக்கே தெரியுமே” என்றார் ஒரு பெற்றோர். இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஆசையால்தான் பலர் இந்தக் கருவியை வாங்குகிறார்கள். சுமாத்திரா நடுக்கத்தின் முதலலை கொழும்புக்கு நான்கு நிமிடத்துக்குள் வந்துவிடும். 2004 டிசம்பர் 26 அன்று நிலம் உடைந்தது நம் நேரப்படி காலை ஏழுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது. கடல் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நேரம் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறையும்கூட. இல்லாமற்போனது வந்த சேதியைக் கரைவரை கொண்டுபோகும் ஒழுங்கு. இன்று அதற்கு இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் இந்து சமுத்திரத்துக்கு அறிவிப்புத் தருகின்றன. நிலம் மேலும் கீழும் ஆடுவதை மட்டும் கீறும் ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் சுனாமி அறிவிக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஏப்ரல் 11ஐ நினைத்துப் பாருங்கள். புத்தாண்டுக்கு உடுப்பு வாங்கிக்கொண்டிருந்த நேரம், பிற்பகல் இரண்டு மணியளவில் 8.6 அளவில் நடுக்கம். அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் படியால் ஓடி இறங்கினார்கள். கரையோர மக்கள் உள்நாட்டுக்குப் போனார்கள். பெரிய அலை வரவில்லை, ஏனென்றால் அங்கே தட்டுகள் பக்கவாட்டில்தான் வழுக்கின, கடலடி தூக்கப்படவில்லை. எங்கள் கோடு அந்த இரண்டு நாளையும் ஒரே மாதிரித்தான் கீறியிருக்கும்.

செய்மதிக்கு வருவோம். இதற்குப் பணமே வேண்டாம், அதனால் பொருளாளருக்கு இதுதான் பிடித்தது. ஐரோப்பாவின் செண்டினல் படங்கள், அமெரிக்காவின் லாண்ட்சாற், நாசாவின் வேர்ல்ட்வியூ எல்லாம் திறந்து கிடக்கின்றன. நூலகத்துக் கணினியில் செண்டினல் படங்களைக் காட்டும் கொப்பர்னிக்கஸ் பிரவுசரைத் திறந்து அந்தமானின் போர்ட் பிளேயரிலிருந்து வடகிழக்கே நகர்ந்தோம். மூன்று கிலோமீற்றர் அகலமுள்ள ஒரு பொட்டு, பாரன் தீவு. வட்டக் கிண்ணம் போன்ற வாய், மேற்கே அது உடைந்து, கரிய குழம்பு கடல்வரை வழிந்த தடம். சூட்டைக் காட்டும் குற்றலை அகச்சிவப்பு நிறச்சேர்க்கையைத் தட்டியதும், பழைய தேதி ஒன்றில் நடுக் கூம்பின் உச்சியில் செம்மஞ்சள் புள்ளி எரிந்தது. அறையில் சத்தமே இல்லை. மூன்று கிழமைக் கூட்டத்தில் அந்த ஒரு முறைதான் அப்படி.

செய்மதியின் உண்மையான பலத்துக்கு 2018 டிசம்பர் 22ஐச் சொல்வேன். பழைய கிரகட்டோவா இருந்த இடத்தில் எழுந்த அனாக் கிரகட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் இரவில் கடலுக்குள் சரிந்தது. பெரிய நிலநடுக்கம் இல்லாமல் வந்த அலையில் 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நிலநடுக்கத்தை நம்பியிருந்த எச்சரிக்கை முறை வாய் திறக்கவில்லை. மேகமும் புகையும் மூடியிருந்ததால் சாதாரணப் படத்திலும் ஒன்றும் தெரியவில்லை. மேகத்தை ஊடுருவும் ராடார்ச் செய்மதிதான் சில மணித்தியாலத்தில் மலையின் பக்கம் காணாமற்போனதைக் காட்டியது. 338 மீற்றர் உயரமாயிருந்தது கடைசியில் 110 மீற்றரளவில் நின்றது.

2025 நவம்பர் 23 எத்தியோப்பியாவில் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்தபோதும், சாம்பல் செங்கடலைக் கடந்து வட இந்தியாவரை போன பாதையைச் செய்மதிகள்தான் பின்தொடர்ந்தன. அந்தக் கிழமை முடிவதற்குள் டித்வா புயல் இலங்கைக்கு மேல் வந்துவிட்டது. எரிமலைச் சாம்பலைப் பார்க்க வரைபடத்தைத் திறந்தவர்கள் அதே வரைபடத்தில் நம் தீவை மேகம் மூடுவதைப் பார்த்தார்கள்.

கொழும்புக்கே உரிய காட்சிகளும் நிறைய. மழை விட்ட மறுநாள் காக்கைதீவுப் பக்கம் களனி கங்கை கடலில் விரிக்கும் மண்நிற விசிறி. 2021 மே 20 தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் புகை.

குறை என்ன? செண்டினல்-2 ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். தென்மேல் பருவத்தில் வந்தாலும் பஞ்சுமூட்டைதான் தெரியும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அளப்பது வேறொருவர், நாங்கள் பார்வையாளர். முதல் நாள் வாயடைத்துப்போன பிள்ளைகள் மூன்றாம் கிழமை அதே திரையில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், அன்று ஆட்டம் நல்ல ஆட்டம்.

இனிக் காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி. இதை யாரும் கேட்கவில்லை. நான்தான் பிடிவாதமாகப் பட்டியலில் சேர்த்தேன்.

2022 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள். நம் நேரப்படி காலை 9.45 அளவில் டொங்காவில் கடலடி எரிமலை ஹுங்கா டொங்கா–ஹுங்கா ஹாபாய் வெடித்தது. கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட 11,800 கிலோமீற்றர். வெடிப்பு தள்ளிய காற்றழுத்த அலை ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் உலகைச் சுற்றியது. தூரத்தை வேகத்தால் வகுத்துப் பாருங்கள்: இரவு எட்டு மணியை ஒட்டி அது நம் கூரைகளுக்கு மேலால் போயிருக்கிறது. மறுநாள் முற்பகல் எதிர்ப்பக்கத்தால் சுற்றிவந்த அலையும் போனது. காது கேட்கவில்லை, கண் காணவில்லை. ஆனால் உலகெங்கும் வீட்டுக் கூரைகளில் ஆர்வலர்கள் வைத்திருந்த மலிவுப் பாரமானிகளில் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) துள்ளல் விழுந்தது. 1883இலும் கிரகட்டோவாவை உலகம் முழுவதும் பதிந்தவை பாரமானிகளே.

அதாவது, பூமியைத் தொட்டுக்கொண்டிருக்கும் விலையுயர்ந்த கருவிக்குக் கேட்காத எரிமலை, காற்றைத் தொடும் ஒரு மின்னணுச் சில்லுக்குக் கேட்கிறது. இதைச் சொன்னபோது கூட்டத்தில் நம்பாதவர்கள்தான் அதிகம்.

அந்தச் சில்லு பிஎம்பி280. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விசாரித்து, இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையோடு சேர்த்துச் சில ஆயிரம் ரூபாயில் ஒரு பெட்டி செய்துவிடலாம். மின்விளக்குப் பெட்டி அளவு. பிள்ளை ஒருத்தி அதைக் கையில் பிடித்துக்கொண்டு கீழிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறினாள். எட்டரை மீற்றருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் கணக்கில் எண் குறைந்துகொண்டே போனது. “டொங்கா செய்தது இவ்வளவுதான். உன்னை மூன்று மாடி ஏற்றி இறக்கினது” என்றேன். கதவை அடித்துச் சாத்தினால் அதற்கும் ஒரு முள் விழும்.

டொங்கா மாதிரி ஒன்று பிள்ளைகளின் வாழ்நாளில் இன்னொரு முறை வருமா என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கிரகட்டோவாவுக்குப் பிறகு அந்த அளவில் ஒன்று வர ஒரு நூற்றாண்டுக்குமேல் எடுத்தது. ஆனால் பாரமானி அதுவரை சும்மா இருக்காது. நம் வெப்பவலயத்தில் காற்றுக்கும் வற்றுப்பெருக்கு உண்டு: காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் ஏறும், நாலு மணிகளில் இறங்கும், மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். ஐரோப்பாவில் அன்றாட வானிலைக் கலக்கத்தில் இது மறைந்துபோகும். கொழும்பில் பாடப்புத்தகப் படம் மாதிரித் தெளிவாய் விழும். பக்கத்தில் புயல் வந்தால் அந்த ஊஞ்சல் முழுவதுமாகக் கீழிறங்கி ஆடும். ஒரு கிழமை பதிந்த பிள்ளைக்கு எது வழமை, எது வழமையில்லை என்று தெரிந்துவிடுகிறது. எரிமலை அவதானிகளின் தொழிலும் பெரும்பாலும் இதுதான். வழமையை வருடக்கணக்கில் எழுதிவைத்தால்தான் விலகலைக் கண்டுபிடிக்கமுடியும்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லவேண்டும். முதல் பெட்டியைக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று மொட்டைமாடியில் கட்டினோம். ஆறு கிழமையில் கடல் உப்பு பின்களில் பச்சை பூத்துவிட்டது. காற்றழுத்தம் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். அலுமாரிக்குள் வைத்தாலே போதும். பௌதிகவியல் படிப்பித்தவன் நான், ஆண்டு ஒன்பதுப் பிள்ளை சொல்லித்தான் உறைத்தது.

ஆயத்த வானிலை நிலையங்களும் பார்த்தோம், கம்பத்தில் கிண்ணம் சுற்றுகிற வகை. நல்லவை. ஆனால் நல்லவற்றின் விலை ஷேக்கின் விலை, மலிவானவை வெயிலில் ஒரு வருடம் தாங்கா. விட்டுவிட்டோம்.

அதிலிருந்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டோம்: மழைமானி. காரணம் எரிமலை இல்லை, 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடிய மண்சரிவு. நம் தீவில் பூமி ஆட்களைக் கொல்வது இப்படித்தான். அதை முன்னே சொல்வது ஆடம்பரக் கருவி அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல் மழையில் இருக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ மணித்தியாலத்துக்கு 75 பெய்தாலோ வெளியேற்றம். இந்த எண்ணை நேர்ச்சுவருள்ள எந்தப் பாத்திரத்தாலும் அளக்கலாம். ஹோர்லிக்ஸ் போத்தல் சரிவராது, தோள் குறுகும். மரத்தடியும் சரிவராது, இலை சொட்டும். இரண்டையும் செய்து பார்த்தோம்.

முடிவு இதுதான். பாரமானிப் பெட்டி ஐந்து: மூன்று எங்களுக்கு, இரண்டு ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு. ஒழுங்கான மழைமானி இரண்டு, இங்கொன்று அங்கொன்று. நூலகத்துக்கு ஒரு வருட இணையப் பணம், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் செய்மதிக்கு. பாதிக்குமேல் பணம் மிஞ்சியது. கணக்குக் காட்டச் செலவழிக்கவேண்டும் என்று சிலர் நின்றார்கள். வங்கியில் போடச் சொல்லிவிட்டேன்.

ஷேக்கை நான் நிராகரிக்கவில்லை. உங்கள் பள்ளிக்கூடம் பிரதான வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளி, பாறையில் கட்டியதாக, ரயில் இல்லாத ஊரில் இருந்தால் முதலில் அதையே வாங்குங்கள். மலையகத்தில் அப்படி எத்தனையோ இடம் உண்டு. ஹல்துமுல்லைப் பள்ளிக்கூடம் கேட்டால் வங்கியில் இருக்கும் பணம் அதற்குத்தான். கொழும்பில் ரயிலைப் படிக்க ஆசையிருந்தாலும் வாங்கலாம். அந்த உருளைக்கிழங்குகளை எங்கள் பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை. எரிமலைக்காக என்று மட்டும் ரசீதில் எழுதாதீர்கள்.

தினமும் காலை எட்டரைக்கு ஹல்துமுல்லையிலிருந்து வாட்ஸ்அப்பில் மழை எண் வரவேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் நாள் எண் வரவில்லை. போன் எடுத்துக் கேட்டேன்.

“நேத்து ராத்திரி மழையே இல்லீங்க சேர். அதான் ஒண்ணும் எழுதல.”

“பூச்சியம் எண்டு எழுதுங்கோ மகன். வெறுமையா விட்டா, அளக்கேல்லை எண்டு ஆயிடும்.”

பத்து நிமிடத்தில் வந்தது: 0.0.